34 வயதில் சால்சாவா, பிரேக்கிங்கா?

கேள்வி சுருக்கமாக இது: வயது 34, சென்னையில் மென்பொருள் வேலை, பள்ளி ஆண்டு விழாவில் ஒரு தடவை ஆடியதோடு சரி. இப்போது ஆடக் கற்றுக்கொள்ள ஆசை. சால்சா, பச்சாட்டா, டாங்கோ, ஹிப்ஹாப், பாப்பிங் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எது என்ன, எதில் தொடங்கினால் அசிங்கப்படாமல் தப்பிக்கலாம், ஜோடி இல்லாமல் தனியாகப் போனால் சேர்ப்பார்களா?

கடைசியிலிருந்து வருகிறேன். தாராளமாகச் சேர்ப்பார்கள். ஜோடி நடன வகுப்புகளில் பாதிப் பேர் தனியாக வந்தவர்கள்தான். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஆசிரியர் ‘சேஞ்ச்’ என்பார், எல்லோரும் ஓர் ஆள் தள்ளிப் போவார்கள். அசிங்கப்படாமல் தப்பிக்க மட்டும் வழி கிடையாது. முதல் மூன்று மாதம் எல்லோருக்கும் அந்தக் கதிதான். ஆனால் அவரவர் காலைப் பார்த்துக்கொள்ளவே அங்கே நேரம் போதாது, உங்களை யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் 13 வருடமாக ஆடுகிறேன். சால்சாவில் தொடங்கி, நடுவில் டாங்கோ பக்கம் ஒதுங்கி, கொஞ்ச காலம் பாப்பிங் பயின்று, மறுபடி சால்சாவுக்கே வந்து சேர்ந்தவன். முதல் வகுப்பு இன்னும் நினைவிருக்கிறது. கீழே மருந்துக்கடை, மேலே மாடியில் ஒரு ஹால், நாலு மின்விசிறி. ஆசிரியர் ‘1, 2, 3... 5, 6, 7...’ என்று எண்ண, நான் நாலிலும் எட்டிலும்கூடக் காலை வைத்துக்கொண்டே இருந்தேன். மூன்று தடவை பார்த்தவர் பக்கத்தில் வந்து, நாலு வரும்போது என் தோளில் ஒரு விரலை மட்டும் வைத்து அழுத்தினார். “நாலில் உங்களுக்கு என்ன வேலை?” “ஒன்றும் இல்லை சார்.” “அந்த ஒன்றும் இல்லாததைச் செய்யுங்கள்.”

அன்றைக்கு அது வெறும் கிண்டலாகத்தான் பட்டது. பிறகு ஒவ்வொரு நடனமாகப் போய்ப் பார்த்தபோதுதான் அதில் விஷயம் இருப்பது தெரிந்தது. ஒரு நடனம் எங்கே ஓடுகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்று பார்த்தால் சீக்கிரம் அடையாளம் பிடிபடும். கீழே சொல்லப் போவதெல்லாம் அந்தக் கண்ணால் பார்த்ததுதான்.

சால்சாவிலேயே தொடங்கலாம். எட்டு எண்ணிக்கை, அதில் ஆறு அடி, இரண்டு மௌனம்: நாலும் எட்டும். கர்நாடக இசை பழகியவர்கள் ஆதி தாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எட்டு அட்சரம், அதிலும் கடைசி எண்ணிக்கை தட்டாமல் வீசுவதுதான். சின்ன வயதில் தாளம் போட்டுப் பழகிய பெண்கள் சால்சா வகுப்பில் மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த நடனத்தின் வேர் கியூபாவில் இருக்கிறது. அந்தத் தீவின் கிழக்குப் பக்கத்தில் பிறந்த ‘சோன்’ என்ற இசை ஹவானாவுக்கு வந்து, பிறகு மாம்போ என்ற நடன இசையாக நியூயார்க் போனது. 1950களில் அந்த ஊர்ப் பலேடியம் நடனக் கூடத்தில் டிட்டோ புவென்டே, டிட்டோ ரோட்ரிகஸ், மச்சிட்டோ ஆகியோரின் வாத்தியக் குழுக்கள் வாசிக்க, கறுப்பர், வெள்ளையர், புவெர்ட்டோ ரிக்கர், யூதர் எல்லோரும் ஒரே தரையில் ஆடினார்கள். கியூபப் புரட்சிக்குப் பிறகு அந்தத் தீவோடு போக்குவரத்து அறுந்தது. நியூயார்க்கில் இருந்த புவெர்ட்டோ ரிக்கர்களும் மற்ற லத்தீன் மக்களும் இருந்த சரக்கை வைத்துத் தங்கள் பாணியில் சமைத்தார்கள். 1964இல் ஜானி பச்செக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா நிறுவனம் அதை இசைத்தட்டாக ஊர் ஊராக விற்றது. ‘சால்சா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். ஸ்பானிய மொழியில் அதற்கு சாஸ் என்று பொருள். நம் ஊரில் ஒரு நடனத்துக்குச் சட்னி என்று பேர் வைத்தது மாதிரி.

வகுப்பில் சேர்ந்த ஒரு மாதத்தில் ‘ஆன் ஒன்’, ‘ஆன் டூ’ என்ற சண்டை உங்கள் காதில் விழும். பயப்பட ஒன்றும் இல்லை. உடல் முன்னும் பின்னுமாகத் திசை மாறும் அடி ஒன்றில் விழுந்தால் ஆன் ஒன், இரண்டில் விழுந்தால் ஆன் டூ. முன்னது லாஸ் ஏஞ்சலஸ்காரர்களோடும், பின்னது நியூயார்க்கில் அதை ஒழுங்குபடுத்திக் கற்பித்த எட்டி டோரஸோடும் சேர்த்துப் பேசப்படுவது. இரண்டிலும் ஜோடி ஒரு நேர்கோட்டில் போய்வரும். கியூபாக்காரர்கள் ஆடும் ‘கசினோ’வில் கோடு கிடையாது, ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அதையே பல ஜோடிகள் வட்டமாக நின்று ஆடினால் ‘ருவேடா’. ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ட்னரை மாற்றுவார்கள். கோலாட்டத்தில் ஜோடி மாறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குதூகலம் புரியும்.

பாட்டைக் கேட்கப் பழக ஒரு பயிற்சி. எட்டு வரை சீராக எண்ணிக்கொண்டே 2, 3, 5 ஆகியவற்றிலும், 6க்கும் 7க்கும் நடுவிலும், 8இலும் கைதட்டுங்கள். இந்த ஐந்து தட்டுக்குப் பெயர் ‘கிளாவே’. சால்சாப் பாட்டின் முதுகெலும்பு அதுதான். சில பாட்டுகளில் இரண்டு குச்சியை வைத்துத் தட்டுவது வெளிப்படையாகவே கேட்கும், பல பாட்டுகளில் யாரும் தட்ட மாட்டார்கள், ஆனால் எல்லா வாத்தியமும் அதற்குக் கட்டுப்பட்டே ஓடும். பேருந்தில் போகும்போது தொடையில் தட்டிப் பழகுங்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்தால் பார்க்கட்டும்.

பச்சாட்டா இதைவிட எளிது, அதனாலேயே இப்போது எல்லா ஊரிலும் கூட்டம் அதற்குத்தான். பக்கவாட்டில் மூன்று அடி, நாலாவதில் பாதத்தைத் தரையில் தொட்டுவிட்டு எடுக்க வேண்டும், எடையை வைக்கக் கூடாது. அந்தத் தொடுதலில் இடுப்பு சின்னதாக ஏறும். சால்சாவில் வெறும் மௌனமாக இருந்த நாலு, இங்கே ஒரு முற்றுப்புள்ளி மாதிரி கண்ணுக்குத் தெரியும். வந்த இடம் டொமினிக்கன் குடியரசு. சர்வாதிகாரி துருஹியோ மெரெங்கே இசையைத் தூக்கிப் பிடித்தவர், கிட்டாரை வைத்துக்கொண்டு காதல் தோல்வியைப் பாடும் ஏழைகளின் இசைக்கு அவர் காலத்தில் இடமில்லை. 1961இல் அவர் கொல்லப்பட்டார், அடுத்த ஆண்டே ஹோசே மனுவேல் கால்டெரோன் முதல் பச்சாட்டாப் பாட்டுகளைப் பதிவு செய்தார். அப்புறமும் வெகுகாலம் அது சாராயக்கடைப் பாட்டு, வேலைக்காரர்கள் கேட்பது என்றுதான் மேல்தட்டு ஒதுக்கிவைத்தது. 1990இல் பாடகர் ஹுவான் லூயிஸ் குவெரா அதைக் கையில் எடுத்த பிறகு வரவேற்பறைக்குள் வந்தது. 2019இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. கானாப் பாட்டின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்ஸ்டாகிராமில் பச்சாட்டா என்று நீங்கள் பார்ப்பது, உடல் அலை அலையாக வளைய, ஜோடி ஒட்டிக்கொண்டு ஆடுவது, பெரும்பாலும் ஸ்பெயினில் கோர்க்கே, ஜூடித் என்ற ஜோடி உருவாக்கிய ‘சென்சுவல்’ பாணி. டொமினிக்கன்காரர்கள் ஆடுவது வேறு: இடைவெளி விட்டு, காலில் கிடுகிடுவென்று சித்து வேலை. அந்த வீடியோக்களைப் பார்த்து மிரண்டு பச்சாட்டா வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். வகுப்பில் முதல் பல மாதம் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கை தூரத்தில்தான் நிற்பீர்கள்.

கிசோம்பா அங்கோலாவிலிருந்து வந்தது. கிம்புண்டு மொழியில் கொண்டாட்டம் என்று அர்த்தம். செம்பா என்ற உள்ளூர் நடனமும் கரீபியத் தீவுகளின் சூக் இசையும் கலந்து 1980களில் உருவானது. நெருக்கமாக, மெதுவாக, நடப்பது போலவே இருக்கும். முதல் நடனமாக இதைச் சொல்ல மாட்டேன்.

டாங்கோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், புவெனஸ் ஐரஸ், மான்டிவிடியோ துறைமுகப் பகுதிகளில், கப்பலில் வந்திறங்கிய இத்தாலியர், ஸ்பானியர், அங்கேயே இருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர் எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளில் பிறந்தது. அழுவது போன்ற அதன் குரலைத் தரும் பாண்டோனியன் ஜெர்மனியில் செய்யப்பட்ட துருத்தி வாத்தியம். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் முகம் சுளித்த அந்த நடனம், முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு பாரிசில் பித்தாகப் பரவியது. பாரிஸ் ஏற்றுக்கொண்ட பிறகு சொந்த ஊர்க்காரர்களுக்கும் அது கௌரவமாகிவிட்டது. நமக்கு மட்டும்தான் அந்த வியாதி என்று நினைத்திருந்தேன்.

டாங்கோவில் எட்டு எண்ணிக்கை, ஆறு அடி என்ற கணக்கெல்லாம் இல்லை. அடிப்படை என்பது நடை. முன்னால் நடப்பது, பக்கத்தில் நடப்பது, நிற்பது. எப்போது நிற்பது என்பதைப் பாட்டைக் கேட்டு நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஜோடி நெஞ்சோடு நெஞ்சாக நின்றுகொண்டு, இரண்டு விநாடி எதுவும் செய்யாமல், மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு, பாண்டோனியன் மறுபடி இழுக்கும்போது ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அந்த இரண்டு விநாடியைத் தாங்கும் தைரியம் வர எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. புதிதாக வருபவர்களுக்குக் கையும் காலும் சும்மா இருக்காது, ஏதாவது செய்யாவிட்டால் எதிரில் இருப்பவருக்குச் சலிப்புத் தட்டும் என்ற பயம். சும்மா நின்றதற்காக யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. நிற்காமல் இழுத்ததற்குத்தான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த ஊர் நடனக் கூடங்களின் (அதற்கு ‘மிலோங்கா’ என்று பெயர்) பழக்கவழக்கங்களும் அழகு. யாரும் எழுந்து போய்க் கையை நீட்டி அழைப்பதில்லை. தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைக்க வேண்டும். விருப்பம் இருந்தால் அவரும் தலையசைப்பார், இல்லையென்றால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். மறுப்பு ஊருக்கே தெரியாமல் முடிந்துவிடும். மூன்று நாலு பாட்டு சேர்ந்தது ஒரு தொகுதி, அது முடிந்ததும் சம்பந்தமே இல்லாத ஒரு துண்டு இசை வரும், எல்லோரும் இடத்துக்குத் திரும்பி ஜோடி மாறுவார்கள். கூட்டம் முழுவதும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் நகரும். கோயிலில் அப்பிரதட்சணம் சுற்றுவதுபோல என்று ஒரு நண்பர் சொல்வார்.

ஸ்விங், அதாவது ஜாஸ் இசைக்கு ஆடும் ஜோடி நடன வகையில் லிண்டி ஹாப் தெரிந்திருக்க வேண்டியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926இல் திறந்த சவாய் கூடம் அதன் தாய்வீடு. கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனியே நிறுத்திய காலத்தில் இருவரையும் ஒரே தரையில் ஆடவிட்ட இடம். லிண்டி மட்டும் நிற்காத நடனம், முழங்காலில் ஒரு துள்ளல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஜோடி ரப்பர் மாதிரி விலகி, இழுபட்டு, திரும்பச் சுருங்கும் அந்த இழுப்பின் உச்சியில் அரை நொடி ஒரு தொங்கல் உண்டு. ஃபிராங்கி மேனிங் 1935இல் அந்தக் கூடத்துப் போட்டியில் பார்ட்னரை முதுகுக்கு மேலாகச் சுழற்றி இறக்கிப் பெயர் வாங்கியவர். ஸ்விங் மவுசு போன பிறகு தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து சுமார் 30 வருடம் ஓட்டினார். 1980களில் இளம் ஆட்டக்காரர்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்தபோது அவருக்கு 70 தாண்டியிருந்தது. அதன் பிறகு 2009இல் இறக்கும் வரை உலகம் சுற்றிக் கற்றுக்கொடுத்தார். 34 வயதாகிவிட்டதே என்று யாராவது என்னிடம் கவலைப்பட்டால் இவர் கதையைத்தான் எடுத்து விடுவது.

ஜோடி நடனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: லீட், ஃபாலோ. ஒருவர் யோசனை சொல்வார், மற்றவர் அதைத் தன் உடலில் நிறைவேற்றுவார். பேசுவதெல்லாம் கை வழியாக. புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, கட்டை விரலால் எதிராளியின் கையை இடுக்கிப் பிடிப்பது. அப்படிப் பிடித்த கையில் சுழன்றால் மணிக்கட்டு போய்விடும். விரல்களைக் கொக்கி போல வளைத்து வைத்துக்கொள்ள வேண்டும், எதிராளியின் விரல்கள் அதில் தொங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது தப்பு நேர்மாறானது: கையை ஈரத்துணி மாதிரி தொங்கவிடுவது. அப்படிவிட்டால் எந்தச் செய்தியும் போகாது. கிணற்றில் கயிறு இழுக்கும்போது வாளியின் கனம் உள்ளங்கையில் தெரியுமே, அந்த அளவு கனம் இருந்தால் போதும். லீட் என்றால் ஆண், ஃபாலோ என்றால் பெண் என்பது வழக்கம்தான், விதி கிடையாது. என்னை லீட் செய்த பெண்களிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம்.

சரி, தெரு நடனங்களுக்கு வருவோம். இங்கே நம் ஊரில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. உடம்பை வெட்டி வெட்டி ஆடினாலும், ரோபோ மாதிரி ஆடினாலும், பின்னால் வழுக்கிக்கொண்டு போனாலும், தலைகீழாகச் சுற்றினாலும் எல்லாவற்றுக்கும் 80கள் முதல் நமக்கு ஒரே பெயர்: பிரேக் டான்ஸ். உண்மையில் அவை வெவ்வேறு ஊரில் வெவ்வேறு ஆட்கள் உண்டாக்கியவை. பாப்பிங்கும் லாக்கிங்கும் கலிஃபோர்னியா, பிரேக்கிங் நியூயார்க்.

பிரேக்கிங்கின் பெயரே நிறுத்தத்தில் இருந்து வந்தது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடம். சின்டி கேம்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தார். பாட்டுப் போட்டது ஜமைக்காவில் பிறந்த அவருடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். பாட்டில் பாடகரும் மற்ற வாத்தியங்களும் நின்றுபோய் டிரம் மட்டும் தனியாக வாசிக்கும் சில விநாடிகளுக்கு ‘பிரேக்’ என்று பெயர். அந்த இடம் வந்தால்தான் சிலர் தரையில் இறங்குகிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடிந்ததும் இன்னொன்றில் அதையே தொடங்கி, அந்தச் சில விநாடியை நிமிடக்கணக்கில் நீட்டினார். அந்த இடைவெளிக்குள் ஆடியவர்கள் பி-பாய்கள், பி-கேர்ள்கள். அதாவது எல்லோரும் நிறுத்திய இடத்தில் இவர்கள் தொடங்கினார்கள்.

ஒரு பிரேக்கர் ஆடுவதைப் பார்க்கும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: நின்றபடி ஆடும் டாப்ராக், கை ஊன்றிக் காலால் கோலம் போடும் ஃபுட்வொர்க், காற்றாடி போலச் சுழலும் பவர் மூவ், எல்லாவற்றையும் முடிக்கும் ஃப்ரீஸ். ஃப்ரீஸ் என்றால் தோள் மேலோ ஒற்றைக் கை மேலோ முழு எடையையும் வைத்துச் சிலையாக நிற்பது. புதியவர்கள் பவர் மூவுக்குக் கைதட்டுவார்கள், விஷயம் தெரிந்தவர்கள் டிரம்மின் எந்த அடியில் ஃப்ரீஸ் விழுந்தது என்று பார்ப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதைப் போட்டியாக வைத்தார்கள். பெண்களில் ஜப்பானின் அமி, ஆண்களில் கனடாவின் பில் விசார்ட் தங்கம் வாங்கினார்கள். ஆனால் உலகம் பேசியதெல்லாம் ஒரு நடுவரின் வாக்குகூட வாங்காத ஆஸ்திரேலியாவின் ரேகனைப் பற்றித்தான். அமியின் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அலட்டிக்கொள்ளாமல் எப்படி அடியோடு அடி பொருந்துகிறது என்பது தெரியும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் பிரேக்கிங் இல்லை, அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போகும் ‘சைஃபர்’தான் அதன் வீடு. அங்கே அடுத்தவன் மூவை அப்படியே திருடினால் ‘பைட்டிங்’ என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

லாக்கிங்கின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1970 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் டான் கேம்பெல் என்ற இளைஞருக்கு அப்போது பிரபலமாக இருந்த ‘ஃபங்கி சிக்கன்’ ஆட்டம் சரியாக வரவில்லை. நடுவில் கை மாட்டிக்கொண்டதுபோல அப்படியே நின்றுவிடுவார். சுற்றி இருந்தவர்கள் சிரித்து விரலை நீட்டினார்கள், அவரும் பதிலுக்கு விரலை நீட்டினார். அந்த நிற்பதும் விரல் நீட்டுவதும்தான் இன்றைக்கு உலகம் முழுக்க வகுப்பில் கற்பிக்கப்படும் ‘லாக்’கும் ‘பாயின்ட்’டும். டோனி பேசில் என்ற நடனக் கலைஞருடன் சேர்ந்து அவர் அமைத்த ‘தி லாக்கர்ஸ்’ குழுவைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பைத்தியமானவர்களில் ஒருவர், ஃப்ரெஸ்னோ என்ற ஊரின் பூகாலூ சாம். அவர் 1977இல் ‘எலெக்ட்ரிக் பூகாலூஸ்’ குழுவைத் தொடங்கினார், பாப்பிங் அங்கிருந்து கிளம்பியது.

பாப்பிங்கில் நடப்பது இதுதான்: தாளத்தின் அடி விழும் அதே நொடியில் ஒரு தசையை இறுக்கி உடனே விட வேண்டும். இப்போதே செய்து பாருங்கள். கையை முன்னால் நீட்டி, மேசையில் விரல் நுனியை வையுங்கள். மேசையை அழுத்தாமல், முன்கையையும் புஜத்தின் பின்பக்கத்தையும் மட்டும் ஒரு சொடுக்கில் இறுக்கி விடுங்கள். கை நகரக் கூடாது, ஆனால் சட்டைத் துணி துடிக்க வேண்டும். அதையே கழுத்து, நெஞ்சு, முழங்காலின் பின்பக்கம் என்று ஒவ்வொன்றாகச் செய்தால் உடம்பு முழுவதும் தாளம் பேசும். நான் மூன்று மாதம் தினமும் பத்து நிமிடம், ஆபீஸ் மீட்டிங்கில் மேசைக்குக் கீழேகூடப் பழகியிருக்கிறேன். நாம் மூன்வாக் என்று அழைக்கும் பின்னால் வழுக்கும் நடையும் இவர்களிடம் ‘பேக்ஸ்லைட்’ என்ற பெயரில் ஏற்கெனவே இருந்ததுதான். 1983இல் மைக்கேல் ஜாக்சன் தொலைக்காட்சியில் அதைச் செய்து காட்டிய பிறகு உலகத்தின் சொத்தாகிவிட்டது. நமக்கு அது பிரபுதேவா வழியாகவும் வந்தது. மைக்கேல் ஜாக்சனைப் பார்த்து வளர்ந்தவர், பரதமும் பயின்றவர். அவர் உடலில் இரண்டும் கலந்து வந்ததைப் பார்த்துத்தான் என் வயதுக்காரர்கள் கண்ணாடி முன்னால் நின்றோம்.

மற்றவற்றைப் பெயரளவில் தெரிந்துகொண்டால் போதும். ஹவுஸ், சிகாகோ, நியூயார்க் இரவு விடுதிகளில் பிறந்தது, காலில் வேகம், மார்பில் அலை. வாக்கிங் (waacking, நடைப்பயிற்சி இல்லை) 1970களின் லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்கோ விடுதிகளிலும், வோகிங் ஹார்லெமிலும், தன்பால் ஈர்ப்பினரும் திருநங்கையரும் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்டவை. கைகளைச் சாட்டை மாதிரி வீசுவது முன்னது, பத்திரிகை அட்டைப்படம் போல போஸ் கொடுத்து உறைவது பின்னது. க்ரம்ப் லாஸ் ஏஞ்சலஸின் தெற்குப் பகுதியில் 2000களின் தொடக்கத்தில் வந்தது, கோபத்தை அடித்து வெளியே தள்ளும் ஆட்டம். கல்யாண ஊர்வலத்திலோ சாவு மேளத்துக்கு முன்னாலோ டப்பாங்குத்து போட்டவர்களுக்கு ஒரு சௌகரியம்: ‘க்ரூவ்’ (தாளத்தோடு உடல் துள்ளுவது) என்று தெரு நடன வகுப்பில் முதல் மாதம் முழுக்கச் சொல்லித் தருவது அவர்கள் முழங்காலில் ஏற்கெனவே இருக்கிறது.

நீங்கள் எதில் தொடங்கலாம்? என் கணக்கில், சால்சா ஆன் ஒன். கூடவே அதே இடத்தில் பச்சாட்டாவும் சொல்லிக்கொடுப்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு வகுப்பு, ஆறு மாதத்தில் முன்பின் தெரியாதவரோடு ஒரு முழுப் பாட்டை ஆடி முடிக்க முடியும். வீட்டில் பத்து நிமிடம் பாப்பிங். அது உங்கள் உடம்பை உங்களுக்கே அறிமுகப்படுத்தும். பிரேக்கிங் ஆசை இருந்தால் நான் தடுக்க மாட்டேன், வயது ஒரு தடையே இல்லை, ஆனால் நாள் முழுக்கக் கீபோர்டில் இருக்கும் மணிக்கட்டை முதலில் மூன்று மாதம் பலப்படுத்திவிட்டுப் போங்கள். டாங்கோ ஒரு வருடம் கழித்து.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் இரண்டாவதாகச் சேர்ந்த இடத்தில் மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு பாட்டுக்கு ஸ்டெப் மனப்பாடம் செய்யவைத்தார்கள். வேறு பாட்டுப் போட்டால் யாருக்கும் ஆடத் தெரியாது. ‘வெஸ்டர்ன் டான்ஸ்’ என்று போர்டு வைத்த பல இடங்களில் இதுதான் நடக்கும். மேடைக்கு அது போதும், எல்லோரும் கூடி வருகிற பாட்டுக்கெல்லாம் ஆடும் சோஷியலுக்கு உதவாது. ஆகவே ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். பார்ட்னர் மாற்றுகிறார்களா, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதைச் சொல்லித் தருகிறார்களா, மாதம் ஒரு முறையாவது சோஷியல் இரவு உண்டா என்று பாருங்கள். ஆசிரியரோ மாணவரோ தேவையில்லாமல் கை வைத்தால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். நல்ல இடங்களில் இதைச் சொன்னால் உடனே நடவடிக்கை எடுப்பார்கள்.

சோஷியலில் யாரையும் ஆட அழைக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. தரையில் நின்று அடுத்தவருக்குப் பாடம் எடுக்கக் கூடாது, அவர் கேட்டால் ஒழிய. யாரையும் சாய்த்துப் பிடிக்கும் ‘டிப்’ எல்லாம் நன்றாகத் தெரிந்தவரிடம் மட்டும்.

வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். எனக்கும் இருந்தது. “கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆடணுமா?” என்று அம்மா ஒரு வருடம் முணுமுணுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோஷியலுக்கு அழைத்துப் போய் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இரண்டு மணி நேரம் அசையாமல் பார்த்தார். ஆட்டோவில் திரும்பும்போது சொன்னார்: “அந்த நீலச் சுடிதார் பொண்ணு நல்லா ஆடுது. நீதான் நடுநடுவுல நின்னுடற.” நாலைப் பற்றி விளக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

முதல் நாளைக்கு: ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்வும் ஸ்போர்ட்ஸ் ஷூ சால்சாவுக்கு வேண்டாம், பாதம் ஒட்டிக்கொண்டு முழங்கால் மட்டும் திரும்பி வலி வரும். அடிப்பாகம் வழுவழுவென்று இருக்கும் பழைய ஆபீஸ் ஷூ போதும். பாப்பிங், பிரேக்கிங் என்றால் நேர்மாறாகப் பிடிமானம் உள்ள ஷூ. மோதிரம், வாட்சைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள், எதிராளியின் கையைக் கீறும். சின்னத் துண்டு, தண்ணீர், வாய்க்கு ஏலக்காய். மாற்றுச் சட்டை இரண்டு. சென்னையில் மே மாதம் என்றால் மூன்று.